மாணவச் செவிலியர் உங்கள் அருகே ஏன் நிற்கிறார்?

நம் மருத்துவமனையின் உள்நோயாளிப் பிரிவுகளுக்குச் செவிலியர் மாணவர்கள் குழுக்களாகப் பயிற்சிக்கு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வரும் நாள்களில் நோயாளிகளின் உறவினர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான்: "டாக்டர், இந்தப் பிள்ளை படித்து முடித்துவிட்டதா? பெரிய சிஸ்டர் வரமாட்டாரா?" கேட்பவர் பெரும்பாலும் மன்னவனூரிலிருந்தோ பூம்பாறையிலிருந்தோ தாயையோ குழந்தையையோ அழைத்து வந்தவராக இருப்பார். இது நியாயமான கேள்வி. நின்றுகொண்டே இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடக் கூடியதும் அன்று. ஒருவர் பதிவு பெற்ற செவிலியராக ஆவதற்கு எவ்வளவு பயிற்சி தேவை, அதை யார் வகுக்கிறார்கள், அந்தப் பயிற்சியில் நோயாளியின் பங்கு என்ன என்பவற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

மருத்துவர்களுக்கு இருப்பதைப் போலவே செவிலியர்களுக்கும் சட்டப்படியான ஒரு பதிவேடு உண்டு. நம் மாநிலத்தில் அதற்கு அடிப்படையாக அமைந்தது 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் சட்டம். அந்தச் சட்டத்தின் வழியில் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமமே இன்றும் பதிவு எண்ணை வழங்குகிறது. நாடு முழுவதற்கும் ஒரே தரத்தை வகுப்பதற்காக 1947இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இந்திய செவிலியர் குழுமம் உருவாயிற்று. பாடத்திட்டம், பயிற்சி மணிநேரம், பயிற்சி தரும் மருத்துவமனையின் தகுதி ஆகியவற்றை அது வகுத்து வந்தது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பெயரும் அமைப்பும் மாறினாலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான்: தேசிய அமைப்பு தரத்தை வகுக்கும், மாநில அமைப்பு பதிவு செய்யும்.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உள்ளது. அமெரிக்காவில் செவிலியர் படிப்பை முடித்தவர், உரிமம் பெறுவதற்கென்றே நடத்தப்படும் தனித் தேர்வு ஒன்றில் வெற்றி பெற வேண்டும். நம் நாட்டில் இதுவரை அப்படி ஒரு பொதுவான உரிமத் தேர்வு நடைமுறையில் இருந்ததில்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து, தேர்வுகளில் தேறி, குறித்த பயிற்சியை முடித்ததற்கான சான்றுகளைக் காட்டுபவர் பதிவு பெறுகிறார். அரசுப் பணிக்காக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வைச் சிலர் உரிமத் தேர்வு என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது வேலைக்கான தேர்வு. அதை எழுதாதவரும் பதிவு பெற்ற செவிலியரே. ஆகவே நம் நாட்டில் சல்லடையாக இருப்பது பயிற்சிக்காலம்தான். அந்தப் பயிற்சி பெயரளவில் நடந்திருந்தால், பின்னால் அதைக் கண்டுபிடித்துத் தடுத்து நிறுத்த வேறு கதவு கிடையாது. நோயாளியின் படுக்கையருகில்தான் அது வெளிப்படும்.

இந்த ஏற்பாடு நம் பகுதிக்குப் புதியதன்று. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியதாகச் செவிலியர் வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அன்று மகப்பேறுப் பயிற்சிக்கு ஆறு மாதம், மாணவியர் நால்வர். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது அதற்குப் பின்னர், 1918இல்தான். மருத்துவரை உருவாக்குவதற்கு முன்பே செவிலியரை உருவாக்க வேண்டும் என்று அந்த அம்மையார் கண்ட வரிசைமுறை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. 1946இல் வேலூரிலும் தில்லியிலும் நாட்டின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள் தொடங்கின. ஐடா ஸ்கடர் தம் இறுதி ஆண்டுகளை நம் கொடைக்கானலில்தான் கழித்து, 1960இல் இங்கேயே மறைந்தார் என்பது இவ்வூர் மக்களில் பலருக்குத் தெரியாத செய்தி. மலையடிவாரத்திலும் இந்த மரபுக்கு வேர் உண்டு. 1955இல் ஒட்டன்சத்திரத்தில் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும், அம்பிளிக்கை நிறுவனங்களும், டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் உருவாக்கிய காந்திகிராமத்தின் கஸ்தூர்பா மருத்துவமனையும் சிற்றூர்ப் பெண்களுக்குச் சுகாதாரப் பயிற்சி தந்த இடங்கள். இன்று மலைக்கிராமங்களில் பணியாற்றும் மூத்த செவிலியர்களில் பலர் இத்தகைய இடங்களில் கற்றவர்களே.

இனி, படிப்பு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணைச் செவிலியர் படிப்பு இரண்டாண்டு. நம் ஊர்களில் வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் இந்த வழியில் வந்தவர். பட்டயப் படிப்பு மூன்றாண்டு. பி.எஸ்சி. நர்சிங் எனப்படும் பட்டப்படிப்பு நான்காண்டு. பட்டயமோ பட்டமோ முடித்துப் பதிவு செய்தவரையே பதிவு பெற்ற செவிலியர் என்கிறோம். மகப்பேறு பார்க்கவும் அதே பதிவு தகுதியளிக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரும், 108 ஊர்தியில் வரும் அவசரகால மருத்துவ உதவியாளரும் மதிப்புக்குரிய பணியாளர்கள். ஆனால் அவர்களின் பயிற்சியும் பொறுப்பும் வேறு.

பயிற்சியின் அளவுகோல்களுக்கு வருவோம். பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்று இந்திய செவிலியர் குழுமம் விதித்தது. கட்டில்கள் இருந்தால் மட்டும் போதாது. அவற்றில் முக்கால் பங்காவது நோயாளிகளால் நிறைந்திருக்க வேண்டும். ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் இருக்க வேண்டும். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். பட்டப்படிப்பின் இறுதிப் பருவத்தில் 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணிநேரம், முழுநேரப் பணியாளரைப் போல வார்டில் உழைக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 1,056 மணிநேரம். இது இறுதிப் பருவத்துக்கு மட்டுமான கணக்கு; அதற்கு முந்தைய மூன்றரை ஆண்டுகளிலும் வார்டுப் பயிற்சி தனியாக உண்டு.

இந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வருகைப்பதிவு பற்றிய ஒரு விதி. தேர்வு எழுதுவதற்கு வகுப்பறைப் பாடத்திலும் செய்முறையிலும் 80 விழுக்காடு வருகை இருந்தால் போதும். ஆனால் பட்டம் பெறுவதற்கு முன் செய்முறைப் பயிற்சிகள் ஒவ்வொன்றிலும் வருகை நூற்றுக்கு நூறாக இருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்த நாள்களையும், அக்காள் திருமணத்துக்குப் போன நாள்களையும் பின்னர் வார்டில் நின்று ஈடுசெய்தாக வேண்டும். புத்தகத்தில் விட்ட பக்கத்தை இரவில் விழித்திருந்து படித்துவிடலாம். நோயாளியின் அருகில் இருக்கத் தவறிய இரவை அப்படி ஈடுகட்ட முடியாது என்பதை இவ்விதியை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

மகப்பேற்றுக்கு எண்ணிக்கையே விதியாக இருந்தது. பல்லாண்டு நடைமுறையில் இருந்த பட்டப்படிப்புப் பாடத்திட்டத்தின்படி, ஒரு மாணவி 30 கர்ப்பிணிகளைப் பரிசோதித்திருக்க வேண்டும். இயல்பான பிரசவங்கள் 20 தாமே பார்த்திருக்க வேண்டும். பிறந்தவுடன் மூச்செடுக்காத குழந்தைக்கு மூச்சூட்டும் முறையை 5 முறை செய்திருக்க வேண்டும். பிரசவித்த தாய்மார் 20 பேரைப் பராமரித்திருக்க வேண்டும். அவ்வப்போது திருத்தப்படும் பாடத்திட்டங்களில் எண்கள் மாறும். எண்ணிக்கை வைத்துப் பதிவேட்டில் எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பம் பெறும் முறை மாறவில்லை. உங்கள் வீட்டுப் பெண்ணின் பிரசவம் ஒரு மாணவியின் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கிறது என்றால், அது அலட்சியமான செயலன்று. அந்த வரிகள் நிறையாமல் அவர் பதிவு பெற முடியாது.

மலையில் இது ஏன் இன்னும் முக்கியமாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 24 மணிநேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்துப் பணியாற்றும் ஏற்பாடு உள்ளது. அதன் பொருள், இரவுப் பணியில் இருப்பவர் பெரும்பாலும் ஒரே செவிலியர் என்பதுதான். நகரத்து மருத்துவமனையில் ஐயம் எழுந்தால் அடுத்த அறையில் மூத்தவர் இருப்பார். மலைக்கிராமத்தில் மழையில் பாறை சரிந்து சாலை அடைபட்ட இரவில் அந்த ஒருவரே எல்லாம். அவர் தம் வாழ்நாளில் முதல் பிரசவத்தை அன்றுதான் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலை எந்தத் தாய்க்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இருபது என்ற எண் எழுதப்பட்டது.

படுக்கையருகில் மாணவர் என்னதான் கற்கிறார்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறுமனே நிற்பதுபோல் தோன்றும். மூச்சு எண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இருமலோடு வரும் சிறு குழந்தைக்கு நிமோனியா உள்ளதா என்று ஐயுறுவதற்கு முதல் அடையாளம் மூச்சின் வேகம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது அதற்கு மேல், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இந்த எண்களை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். அழாத நேரம் பார்த்து, சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் பொறுமையாக எண்ணும் பழக்கம் வருவதற்குப் பல குழந்தைகளைப் பார்த்திருக்க வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குபவர் தவறுவார். சிறு குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை. எங்கள் பிரிவில் மாணவர் ஒருவர் எண்ணிச் சொன்ன கணக்கை வைத்தே குழந்தையை வீட்டுக்கு அனுப்பாமல் தங்க வைத்த நிகழ்வுகள் உண்டு. அவசரம் இல்லாமல் முழு நிமிடமும் நிற்பவர் பல நேரங்களில் அவர்தான்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் அப்படித்தான். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றின் அழுத்தம் குறைவு. நலமாக உள்ளவரின் ஆக்ஸிஜன் அளவும் சமவெளியில் காட்டுவதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். குளிரில் விரல்கள் விறைத்திருந்தால் கருவி பொய்யான எண்ணையும் காட்டும். மதுரையில் படித்துவிட்டு முதல்முறை மலைக்கு வரும் மாணவர் திரையைப் பார்த்துத் திடுக்கிடுவார். விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார், உதட்டின் நிறத்தைப் பார், நோயாளி ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேசுகிறாரா என்று கேள் என்று மூத்த செவிலியர் சொல்லித் தருவார். நேர்மாறான தவறும் உண்டு: உண்மையாகவே குறைந்துவிட்ட அளவை 'மலையில் இப்படித்தான்' என்று விட்டுவிடுவது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோட்டை அந்தந்த ஊரின் நோயாளிகளைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். இதேபோல் தண்ணீர் இங்கு ஏறக்குறைய 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. மலையில் பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதைச் சமையலறையில் நீங்கள் கண்டிருப்பீர்கள்; அதே காரணத்தால், கொதிநீரில் போட்டெடுத்த கருவி கிருமி நீங்கியது என்று நம்பிவிட முடியாது, அழுத்தக் கலனில்தான் வைக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்வதுண்டு.

குளிரின் இன்னொரு முகம் பிறந்த குழந்தையிடம் தெரியும். அதன் உடல்வெப்பம் 36.5 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்தின் தொடக்கம். டிசம்பர் அதிகாலையில் பிறக்கும் எடை குறைந்த குழந்தையை உடனே துடைத்து, தாயின் வெற்று மார்போடு அணைத்துப் போர்த்தி வைக்க வேண்டும். குளிப்பாட்டியே ஆகவேண்டும் என்று நிற்கும் பாட்டியிடம் மரியாதையாக மறுத்துச் சொல்லி, அவரையே போர்வை பிடிக்க வைக்கும் திறமையும் செவிலியர் பயிற்சியின் ஒரு பகுதிதான். எந்தப் பாடநூலும் அதைக் கற்றுத் தராது.

அடிவாரத்தில் ஆயக்குடி, ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் பாம்புக்கடி வேறொரு பாடம். நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்துள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பின் சாய்த்துப் பார்ப்பது. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்பு போட்டுக் கழுவியதாக இருந்தாலோ, இடையில் யாராவது ஆட்டிப் பார்த்துவிட்டாலோ முடிவு தவறிவிடும். முறிமருந்து கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு பல இடங்களில் இந்த ஒரு குழாயை நம்பியே உள்ளது. ஒருமுறை கையால் செய்து பார்த்தவர் இதில் தவறமாட்டார்.

பயிற்சியை மனித உடலில்தான் செய்ய வேண்டுமா, பொம்மையில் செய்தால் ஆகாதா என்று படித்த உறவினர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி பொருளுள்ளது. ஊசி குத்துவது, சிறுநீர்க்குழாய் பொருத்துவது, இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்துவது ஆகியவற்றை முதலில் பொம்மை உடலில்தான் செய்கிறார்கள், செய்யவும் வேண்டும். 2021இல் வந்த நம் நாட்டுப் பட்டப்படிப்புப் பாடத்திட்டம் இத்தகைய பாவனைப் பயிற்சிக்கு முறையான இடம் தந்துள்ளது. எவ்வளவு வரை அதை நம்பலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அந்நாட்டுச் செவிலியர் வாரியங்களின் தேசிய அமைப்பு பத்து கல்லூரிகளில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்ட முடிவு இது: மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்தாலும் மாணவரின் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இந்த முடிவைக் காட்டி வார்டுப் பயிற்சியைக் குறைக்கலாம் என்பவர்கள் அதன் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆய்வில் பாவனைப் பயிற்சி தந்தவர்கள் அதற்கென்றே தயார்செய்யப்பட்ட ஆசிரியர்கள், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று மாணவரோடு அமர்ந்து விவாதித்தார்கள், கருவிகளும் உயர்ந்தவை. பூட்டிய அலமாரியில் உறை பிரிக்காமல் கிடக்கும் பொம்மைக்கு அந்த ஆய்வு சான்றாகாது. அந்த ஆய்விலும் மற்ற பாதி நேரம் உண்மையான நோயாளிகளிடம்தான் கழிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது: பொதுச் செவிலியர் கல்விக்குக் குறைந்தது 4,600 மணிநேரம், அதில் பாதியாவது நோயாளிகளிடையே பெறும் பயிற்சி.

செவிலியரின் கல்வி நோயாளியின் உயிரைத் தொடுகிறதா என்பதற்கும் கணக்கு உண்டு. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து, லிண்டா ஏக்கனும் அவருடைய குழுவினரும் 2014இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, முப்பது நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதையும், பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 விழுக்காடு கூடும்போது அவ்வாய்ப்பு 7 விழுக்காடு குறைவதையும் அவர்கள் கண்டார்கள். ஐரோப்பிய எண்களை அப்படியே நம் மலைக்குப் பொருத்த முடியாது. பட்டயம் படித்த செவிலியரைக் குறைத்து மதிப்பிடவும் இதைப் பயன்படுத்தக் கூடாது. எத்தனை செவிலியர், எப்படிப் படித்தவர் என்ற இரண்டும் மருந்தைப் போலவே வேலை செய்கின்றன என்ற அளவுக்கு ஏற்றுக்கொள்ளலாம்.

இப்போது கசப்பான பகுதி. தரம் தாளில் இருக்கிறது. எல்லா இடத்திலும் வார்டில் இருப்பதில்லை. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் கட்டில்கள் நிறையும் நிறுவனங்கள் பற்றி இத்துறையில் உள்ள எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு நாளைக்கு நான்கு நோயாளி வரும் இடத்தில் நாற்பது மாணவர் நின்றால் பதிவேட்டில் என்ன எழுதுவார்கள்? பார்த்ததைச் செய்ததாக எழுதுவார்கள். சில வேளை பார்க்காததையும் எழுதுவார்கள். இழப்பு முதலில் அந்த மாணவருக்கு. நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய பெற்றோரின் பிள்ளை, முதல் வேலையில் நரம்பைத் தேடிக் கை நடுங்கி நிற்கிறார். தம் பிள்ளையைச் செவிலியர் கல்லூரியில் சேர்க்க எண்ணும் பெற்றோர் நம் வாசகர்களில் பலர் உண்டு. அவர்களுக்கு என் வேண்டுகோள்: கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சொல்லாமல் ஒரு சாதாரண நாளில் அந்தக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போய், படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். மகப்பேற்றுப் பிரிவில் மாதத்துக்கு எத்தனை பிரசவம் என்று கேளுங்கள். கல்லூரி குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், ஆறு மாதச் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டோ, அதுவும் இல்லாமலோ, வெள்ளைச் சட்டை அணிந்து 'நர்ஸ்' என்று சிறு மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள். அவர்களில் பலர் குறைந்த கூலிக்கு உழைக்கும் ஏழைப் பெண்கள். கோபம் அவர்கள் மீது திரும்பக் கூடாது. ஆனால் பதிவேட்டில் பெயரில்லாத ஒருவர் நரம்பில் மருந்து ஏற்றும்போது, தவறு நேர்ந்தால் எந்தக் குழுமமும் விசாரிக்க வழியில்லை. பதிவு பெற்ற செவிலியர் பெயர் நீக்கப்படும் அச்சத்தோடு பணியாற்றுகிறார். அந்த அச்சம் உங்களுக்குப் பாதுகாப்பு.

நோயாளியாகிய நீங்கள் என்ன எதிர்பார்க்கலாம்? தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயத்தின்படி, உங்களைக் கவனிப்பவர் யார், அவருடைய தொழில்தகுதி என்ன என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே கேளுங்கள். மாணவர் தம் பெயரையும், தாம் மாணவர் என்பதையும், எத்தனையாவது ஆண்டு என்பதையும் முதலிலேயே சொல்ல வேண்டும் என்பது எங்கள் வார்டுகளின் நடைமுறை. ஊசி, நரம்புவழி மருந்து, குழாய் பொருத்துதல் போன்றவற்றை அவர் செய்யும்போது பதிவு பெற்ற செவிலியரோ ஆசிரியரோ அருகில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், "மேடம் வரட்டும்" என்று சொல்ல உங்களுக்குத் தயக்கம் வேண்டாம். மருந்து தருவதற்கு முன் உங்கள் பெயரை அவர் மறுபடி மறுபடி கேட்பது மறதியால் அன்று. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கக் கற்றுத் தந்திருக்கிறோம். ஒரே வார்டில் இரண்டு முருகேசன்கள் படுத்திருப்பது பழனி மலையில் அரிய செய்தியன்று.

மாணவர் வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை; மறுத்ததால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. குறிப்பாகப் பிரசவ அறையில், ஒரு பெண்ணைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்பதை நான் விரும்புவதில்லை. அங்கே ஒரு மாணவி, ஒரு செவிலியர் என்ற அளவே முறையானது. அந்த மாணவியும் வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பால் குடிக்கும்வரை உடனிருப்பவராக இருத்தல் நலம். மொழியும் ஒரு செய்தி. பளியர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பல வேளை மறுக்கத் தெரியாமல் பேசாமல் இருந்துவிடுவார்கள். பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம்.

மறுக்கும் உரிமையைச் சொன்னதோடு, அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இன்று உங்கள் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றும் மாணவி, இரண்டாண்டு கழித்து உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் தனியாக இருக்கக் கூடும். பூண்டியைச் சேர்ந்த பூண்டு விவசாயி ஒருவர், தம் காலிலிருந்த சர்க்கரைப் புண்ணுக்கு மாணவர் கட்டுப் போடும்போதெல்லாம், "நேற்று நீங்கள் இவ்வளவு இறுக்கவில்லையே" என்று திருத்துவார். அந்தக் குழுவில் கட்டுப் போடுவதை நன்றாகக் கற்றது அவரிடம் போன மாணவர்தான் என்று ஆசிரியை பின்னர் சொன்னார்.

பயிற்சிக் குழு தங்கியிருக்கும் நாள்களில் மாணவர்களின் பெயர், கல்லூரி, ஆண்டு, பொறுப்பாசிரியர் பெயர் ஆகியவை ஒவ்வொரு வார்டிலும் செவிலியர் மேசைக்கு மேலே எழுதி ஒட்டப்பட்டிருக்கும். குறையோ பாராட்டோ எதுவாயினும் வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் நேரில் சொல்லலாம். எழுத இயலாதவர்கள் சொல்வதை அவரே எழுதிக்கொள்வார். பணியில் உள்ள செவிலியரின் பதிவு எண்ணை அறிய விரும்பினால் அதையும் அவரிடமே கேட்கலாம்.